நின்ற நேரம்: நான்கு நிமிடம்

செப்டம்பர் 8

அன்புத் தங்கை வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அது என் பேச்சைக் கேட்டு நாலு வருடம் ஆகிறது. உன் இருமல் விட்டதா?

நேற்று போனில் நடந்ததை மறந்துவிடு. நாம் இருவரும் போனில் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டைதான். உன் அண்ணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இந்தத் தடவை ஏழாவது நிமிடத்திலேயே ஆரம்பித்துவிட்டோமாம். இனி சைக்கிள் விஷயமெல்லாம் கடிதத்தில்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

சைக்கிள் சங்கத்தின் விதியை ஒழுங்காகப் படித்தாயா? நவம்பர் முப்பதாம் தேதி மலையேற்றப் போட்டியில் உன்னைச் சேர்க்க வேண்டுமானால், அவர்கள் சொன்ன நாற்பது கிலோமீட்டர் சுற்றை எண்பது நிமிடத்துக்குள் முடித்ததாக மூன்று தாள் கொடுக்க வேண்டும். கூட வந்து பார்க்க ஆள் கிடையாது. நீயே ஓட்டி, நீயே நேரம் பார்த்து, நீயே எழுத வேண்டும். எங்கே நின்றாய், எவ்வளவு நேரம், என்ன காரணம் என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். நின்ற நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம், மறைக்கக் கூடாது. போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர் அதைப் படித்து, நம்பினால், கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான். இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் நேரத்தைக் குறிக்கிறவனிடம் உன் ஜம்பம் பலிக்காது, சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மேட்டில் ஆறு தடவை ஏறி இறங்கு. வியாழன் லேசாக ஒரு மணி நேரம். ஞாயிறு காலை முழுச் சுற்று. இலை உதிர ஆரம்பித்துவிட்டது. ஈர இலை மேல் பிரேக் பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை. "எனக்குத் தெரியாதா?" என்று முணுமுணுக்காதே, இங்கே கேட்கிறது.

வயிறாரச் சாப்பிடு. உன் முதல் தாளுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்


அக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு எழுதுகிறேன். இருமல் போய்விட்டது, அதற்குப் பதிலாகப் பேய்ப் பசி வந்திருக்கிறது. அண்ணிக்குத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிற முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

இத்துடன் இரண்டு தாள். உட்கார்ந்துகொண்டு பிரி. செப்டம்பர் 28: எழுபத்தொன்பது நிமிடம் நாற்பது நொடி. அக்டோபர் 5: எழுபத்தொன்பது நிமிடம் பத்து நொடி! முதல் நாள் செயின் கழன்று ஒரு தடவை நின்றேன். நாற்பது நொடியில் மாட்டிவிட்டேன், நீ கற்றுக்கொடுத்த கை. தாளில் கறுப்பாக அப்பியிருப்பது என் கட்டைவிரல். அழிக்கப் பார்த்தேன், இன்னும் பரவியது, விட்டுவிட்டேன்.

பாதை எனக்கு மனப்பாடம். ஆற்றோர ரோடு, கிடங்குத் தெரு, முப்பத்தோராவது கிலோமீட்டரில் தண்ணீர்த் தொட்டி வளைவு, அங்கேயிருந்து கடைசி ஏற்றம். அந்த வளைவில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே வேகத்தை விட்டால் ஏற்றத்தில் முக்கி முனக வேண்டியதுதான். இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், கொட்டு கொட்டென்று கொட்டுகின்றன. ஆனால் அங்கே கூட்டுகிற அம்மா கில்லாடி. நான் வருவதற்குள் வளைவைத் துடைத்து வைத்த மாதிரி ஆக்கி, இலையை ஓரத்தில் குவித்துவிடுவார். என்னைக் கண்டதும் துடைப்பத்தைக் குவியலுக்கு முன்னால் நீட்டி, "வந்துட்டா மகராசி! கூட்டினதையெல்லாம் பறக்க விட்டுட்டுத்தான் போவா!" என்று கத்துவார். எனக்கும் அதைக் கேட்காவிட்டால் சுற்று முடிந்த மாதிரி இருப்பதில்லை.

அதே வளைவில் ஒரு பெரியவர் கைத்தடியோடு நடப்பார். கிளிப்பச்சைக் கம்பளி ஸ்வெட்டர். அரை கிலோமீட்டர் முன்னாலேயே கண்ணைப் பறிக்கும். "ஏம்மா, யாருக்கு உடம்பு சரியில்ல? இவ்வளவு அவசரமாப் போற!" என்பார். நான் அவருக்குப் பச்சைக்கிளி என்று பெயர் வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் வழக்கம் போல. ரத்தப் பரிசோதனை அறையில் ஒருத்தி லீவு, இரண்டு பேர் வேலையை நான் பார்க்கிறேன். இன்னும் ஒரே ஒரு தாள் அண்ணா!

அண்ணிக்கு ஒரு முத்தம், உனக்கு ஒரு குட்டு.
வாலு


அக்டோபர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா?

மூன்றாவது தாள் இத்துடன். நேற்று ஓட்டியது. எழுபத்தேழு நிமிடம் முப்பது நொடி. கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்கு அனுப்பிவிடு.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம், நிறைய எழுத முடியவில்லை. இங்கே குளிர் வந்துவிட்டது.

தங்கை


அக்டோபர் 27

அன்புத் தங்கை வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம். அங்கே நீ?

எழுபத்தேழரை! அடிப்பாவி, நான் ஓட்டிய நல்ல காலத்திலேயே எனக்கு எழுபத்தெட்டைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. உன் அண்ணியிடம் தாளை நீட்டினேன். "இதுக்கு ஏன் நீங்க நெஞ்ச நிமித்துறீங்க?" என்றாள். வழக்கம் போல என் நோட்டில் அப்படியே நகல் எடுத்து, தேதி போட்டுக்கொண்டேன்.

கையெழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். முப்பத்தோராவது கிலோமீட்டர், நின்ற நேரம் நான்கு நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் காரணக் கட்டம் காலி. ஏன் நின்றாய்? வளைவு தாண்டி ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில், உயிரைக் கொடுத்து வந்த வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது நான்கு நிமிடம் நிற்பார்களா? கட்டத்தை நிரப்பி ஒரு வரி எழுதிப் போடு, உடனே அனுப்பிவிடுகிறேன்.

இன்னொன்று. உன் போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது. காய்ச்சலா?

அண்ணன்


நவம்பர் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். காய்ச்சல் இல்லை. அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

செயின் கழன்றது. எழுத மறந்துவிட்டேன். நீயே அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்.

இப்போது அந்தப் பக்கம் ஓட்டுவதில்லை. ஆற்றோரமாகப் போய் அப்படியே திரும்பி வந்துவிடுகிறேன். ஹேண்டிலில் பழைய டேப் நைந்துவிட்டது, கழற்றிப் புதிது சுற்றினேன். வேறு விசேஷமில்லை.

சீக்கிரம் அனுப்பிவிடு. பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

தங்கை


நவம்பர் 5

வாலு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். இல்லை என்று தெரிகிறது.

என் காதில் பூச் சுற்றாதே. செயின் மாட்ட உனக்கு நாற்பது நொடி. கை வழுக்கினாலும் ஒரு நிமிடம். சரி, அன்றைக்கு என்னவோ நேரமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீ செயினைத் தொட்டால் தாள் முழுக்கக் கறுப்பு விரலாக இருக்கும். சின்ன வயதில் வீட்டுச் சுவரெல்லாம் உன் விரல்தான், அம்மா துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்தாள். இந்தத் தாள் சலவைக்குப் போட்டு எடுத்தது போல இருக்கிறது.

தொழிற்சாலை வாசலில் தினம் இருபது பொய் கேட்கிறேன். டயர் பஞ்சர், பஸ் வரவில்லை, மாமியாருக்கு மயக்கம். பொய் சொல்கிறவன் நேரத்தையும் சேர்த்து மாற்றிச் சொல்வான். நீ நேரத்தை மட்டும் உள்ளபடி எழுதிவிட்டுக் காரணத்தை விட்டிருக்கிறாய். எழுதாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. பழக்க தோஷம், கை எழுதிவிட்டது.

என்ன நடந்தது? எதுவாக இருந்தாலும் அண்ணனிடம் சொல்.

அண்ணன்


நவம்பர் 9

அண்ணா,

நீ நன்றாக இருக்கிறாயா? அண்ணி நன்றாக இருக்கிறாளா? இதைப் படித்துவிட்டு அவளிடம் சொல்லாதே.

அன்றைக்கு வளைவு பளிச்சென்று இருந்தது. ஒரு இலை கிடையாது. அந்த அம்மா கூட்டி முடித்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். குவியல் மட்டும் ஓரத்தில் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பிரேக்கைத் தொடாமல் போனால் எழுபத்தெட்டுக்குள் வந்துவிடலாம் என்று தோன்றியது. தொடவில்லை.

பச்சைக்கிளி வளைவின் உள்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். முதுகு என் பக்கம். மணி அடிக்கவில்லை அண்ணா. மணி அடிக்க விரலை எடுத்தால் பிடி தளரும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், எவ்வளவு கேவலம் பார். அவரை ஒட்டிப் போனேன். தொடவில்லை. அவர் பதறி ஒதுங்கியிருக்க வேண்டும். பின்னால் கைத்தடி ரோட்டில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

ஐம்பது அடி தள்ளி, மரத்துக்குப் பின்னால் நின்றேன். நின்றதும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தில் நின்ற நேரத்துக்கான பொத்தானை அழுத்தினேன். அவர் "அம்மா, அம்மா" என்று முனகுவது கேட்டது. போக வேண்டும், போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, கால் வரவில்லை. ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள். காற்று அடித்து, கூட்டிய இடமெல்லாம் மறுபடி இலை. இலையில் வழுக்கி விழுந்தார் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். வண்டி போனது. பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு ஏற்றத்தை ஏறினேன். அந்த ஏற்றத்தை என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஏறியதில்லை.

திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு ஒரு ரத்தக் குழாய் வந்தது. இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷனுக்கு முன் பரிசோதனை. சீட்டில், தண்ணீர்த் தொட்டி வளைவில் விழுந்தவர் என்று எழுதியிருந்தது. இந்த ஊரில் இருப்பது ஒரே ஆஸ்பத்திரி, வேறு எங்கே வருவார்? நான்தான் பரிசோதித்தேன். அன்றிலிருந்து வாரம் இரண்டு குழாய். வார்டுக்கு மட்டும் போகவில்லை.

என்ன செய்யட்டும்? சொல்.

வாலு


நவம்பர் 13

தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். ஒழுங்காகத் தூங்கு.

ஒன்றும் செய்யாதே. நீ தொடவில்லை. அவர் வயதானவர், பதறினார், விழுந்தார். அவரே உன்னைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவள் விழவைத்துவிட்டு ஓடினாள் என்று வெளியே வந்தால் உன் வேலை என்ன ஆகும்? போலீஸ், விசாரணை என்று இழுத்தடிப்பார்கள். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? நான் முந்நூறு மைல் தள்ளி ஒரு முழங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இந்த வருடம் போட்டி வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம். உன் கடிதத்தையும் எரித்துவிட்டேன். நீயும் இதை எரித்துவிடு. யாரிடமும் வாயைத் திறக்காதே. சொல் என்று கேட்டவன் நான்தான். கேட்டிருக்கக் கூடாது.

அண்ணன்


நவம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனசில்லை, கோபித்துக்கொள்ளாதே.

உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று நான்கு வாரம் கழித்து வளைவுக்குப் போனேன். கூட்டிக்கொண்டிருந்தது வேறு ஆள். பழைய அம்மா எங்கே என்று கேட்டேன். "அதுவா? சரியாக் கூட்டாம ஒரு பெரியவரு இடுப்ப ஒடச்சுக்கிட்டாருல்ல, வேலைய விட்டு நிறுத்தி வச்சுருக்காங்க" என்றார்.

பெரியவரின் மகள் போன வாரம் நகர அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். வண்டியில் வந்தவர்களும் ரோடெல்லாம் இலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தபோது இலைதான் அண்ணா. அந்த அம்மா, "நான் கூட்டினேன், கூட்டினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிக்கை வாங்கியவர் என்பதால் யாரும் காது கொடுக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அதோடு வேலை போய்விடும் என்கிறார்கள்.

வளைவு சுத்தமாக இருந்ததைப் பார்த்த ஒரே ஆள் நான். சுத்தமாக இருந்ததால்தான் அந்த வேகத்தில் போனேன். அவர் ஒழுங்காக வேலை பார்த்ததை நான் பயன்படுத்திக்கொண்டேன், இப்போது அதற்காகவே அவருக்கு வேலை போகிறது. உனக்குச் சோறு இறங்குகிறதா? எனக்கு இறங்கவில்லை.

நான் போய்ச் சொல்லப்போகிறேன். ஆனால் அந்த அம்மாவோடு வாராவாரம் கத்திச் சிரித்தவள் நான், அவருக்காகப் பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்பார்கள். அன்றைக்கே நான் எழுதிய தாளில் அந்த இடமும் நான்கு நிமிடமும் இருந்தது. அதை நீ கிழித்துவிட்டாய். அதைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். எனக்காக வேண்டாம், நீ பார்த்ததை மட்டும் அவர்களுக்கு எழுது அண்ணா. அலுவலக முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பதில் போடு.
வாலு


நவம்பர் 22

அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. என் முதுகு பரவாயில்லை, உன் அண்ணன்தான் பரவாயில்லாமல் இருக்கிறார். உன் கடிதத்தை நானும் படித்தேன். என்னிடம் சொல்லாதே என்று எழுதினாயாமே? நன்றாக இருக்கிறது உங்கள் அண்ணன் தங்கை நியாயம். இந்த மனுஷன் மூன்று நாள் தொடர்ந்து சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லாவிட்டால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். உன் பதினேழாம் தேதிக் கடிதம் தலையணை உறைக்குள் இருந்தது, எரித்ததில் இருந்ததை அவர் வாயிலிருந்தே வாங்கினேன்.

அவர் பதில் எழுதவில்லை என்று நீ துடித்துக்கொண்டிருப்பாய். தினமும் பேனாவை எடுக்கிறார், மூடியைக் கழற்றுகிறார், மூடுகிறார். தனக்காகப் பயப்படவில்லை. அத்தை கண் மூடும்போது உன் கையைப் பிடித்து இவர் கையில் கொடுத்தாரே, அதிலிருந்து உனக்கு ஒரு தும்மல் வந்தால் இவருக்குக் குளிர் நடுங்குகிறது.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. நேராகவே கேட்டேன். "நாலு நிமிஷம் லேட்டா வந்தான்னு ஒவ்வொருத்தனையும் வாசல்ல நிக்க வச்சு அரை நாள் சம்பளத்த வெட்டுற ஆளு நீங்க. உங்க தங்கச்சியோட நாலு நிமிஷத்த மட்டும் முழுங்கிடுவீங்களா? அந்தம்மாவும் யாரோட தங்கச்சியோ, இல்லையா?" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். கோபமென்றால் கதவைச் சாத்துவார், நேற்றுச் சாத்தவில்லை.

தாளைத்தான் கிழித்தார். நோட்டில் எடுத்த நகல் அப்படியே இருக்கிறது, அதில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு அதை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எழுதுவாரா தெரியாது. எழுதாவிட்டாலும் நீ போ.

உன் அண்ணி


நவம்பர் 24

பெறுநர்: சுகாதாரப் பிரிவு அலுவலர், நகர அலுவலகம்.

ஐயா, வணக்கம்.

இம்மாதம் 28 அன்று தங்கள் அலுவலகத்தில், தண்ணீர்த் தொட்டி வளைவைச் சரியாகக் கூட்டவில்லை என்று ஒரு துப்புரவுப் பணியாளர் மீது விசாரணை நடக்க இருப்பதாக அறிகிறேன். அது தொடர்பாக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் தொழிற்சாலை ஒன்றில் நேரக் கண்காணிப்பாளர். அந்தப் பணியாளரை நான் கண்டதில்லை.

என் தங்கை சைக்கிள் ஓட்டுபவள். அக்டோபர் 19 அன்று அவள் ஓட்டிய நேரத்தாள் எனக்கு அக்டோபர் 27 அன்று கிடைத்தது. அதாவது தங்களிடம் புகார் வருவதற்கு முன்பே. அதில், "31-வது கி.மீ., நின்ற நேரம் 4 நிமிடம்" என்று அவள் கையால் எழுதியிருந்தாள். காரணக் கட்டம் காலியாக இருந்தது. கேட்டபோது, வளைவு சுத்தமாகக் கூட்டப்பட்டிருந்ததால் வேகத்தைக் குறைக்காமல் ஒரு பெரியவரை ஒட்டிச் சென்றதாகவும், அவரைத் தொடவில்லை என்றும், அவர் பதறி விழுந்ததாகவும், தான் உதவிக்குப் போகாமல் மறைந்து நின்றதாகவும் எழுதினாள்.

அந்தத் தாள் இப்போது இல்லை. நான்தான் கிழித்தேன். யாரிடமும் சொல்லாதே என்று அவளுக்கு எழுதியவனும் நான்தான். இரண்டும் தவறு. தாள் வந்த அன்றே நான் எடுத்த நகல் உள்ள நோட்டைப் பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் அவளுடைய நான்கு வருடப் பயிற்சித் தாள்களின் நகல்கள் தேதிவாரியாக இருக்கின்றன. ஒரு பக்கமும் கிழிக்கப்படவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளலாம்.

என்னை நேரில் அழைத்தாலும் வருவேன்.

இப்படிக்கு,
மேற்படி தாளில் கையெழுத்திட வேண்டியிருந்தவன்


நவம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதப் போனேன், பொய்யாகப் போய்விடுமே என்று விட்டுவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? அண்ணியின் கையை என் சார்பில் பிடித்துக்கொள்.

விசாரணை சின்ன அறையில் நடந்தது. ஒரு நீள மேஜை, ஆறு நாற்காலி, ஓயாமல் சத்தம் போடும் ஒரு ஹீட்டர். அந்த அம்மா வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துடைப்பம் இல்லாமல் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரே பெரியவரின் மகள். நான் உள்ளே போனதும் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார் அண்ணா. நான் அவருக்கு நல்ல வார்த்தை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அலுவலர் உன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "நான்தான் கிழித்தேன்" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மேலே படித்தார். முடித்ததும் என்னிடம், "இது எல்லாம் சரிதானாம்மா?" என்று கேட்டார்.

ஒரு வரி சரியில்லை என்றேன்.

அண்ணா, உன்னிடமும் நான் முழுதாகச் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சைக்கிளைத் துடைக்கும்போது ஹேண்டில் முனையில், டேப் பிரிந்திருந்த இடத்தில், கிளிப்பச்சைக் கம்பளி நூல் ஒரு விரல் நீளத்துக்குச் சிக்கியிருந்தது. டேப் நைந்துவிட்டது என்று எழுதினேனே, அதற்காக மாற்றவில்லை. நூலோடு சேர்த்துச் சுருட்டி அலமாரியின் அடியில் போட்டிருந்தேன். எறியவும் கை வரவில்லை. அதை எடுத்துப் போயிருந்தேன். மேஜை மேல் வைத்து, "தொட்டேன். நான்தான் இழுத்து விழவைத்தேன். இலை இல்லை. அந்தம்மா கூட்டியிருந்தாங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தடவை சொன்னேன்.

மகள் அந்த நூலைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா மொத நாளே சொன்னாரு, ஏதோ சட்டையப் புடிச்சு இழுத்துச்சுன்னு. வயசாயிருச்சு, உளர்றாருன்னு நாங்கதான் அவரு வாய அடச்சோம்" என்று அழுதாள். அப்புறம் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "நீ ஆஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் பண்றவ இல்ல? இத்தன நாளா எங்கப்பா ரத்தத்த கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா? உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மாவுக்குத் திங்கட்கிழமையே வேலைக்குத் திரும்ப உத்தரவு போட்டுவிட்டார்கள். என் மேல் போலீசுக்கு எழுதுவார்கள். ஆஸ்பத்திரியிலும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. வெளியே படியில் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டார். "நாலு நிமிஷம் நின்னியாம்மா? நாலு நிமிஷத்துல அந்த வளவ நான் ரெண்டு தடவ கூட்டிருவேன். ஒருத்தரத் தூக்கி விடுறதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அங்கிருந்து நேராக வார்டுக்குப் போனேன். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் அந்த ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தது, ஒரு கையில் ஓட்டை. அவர் விழிக்கும் வரை நின்றேன். கண்ணைத் திறந்து, "யாரும்மா?" என்றார். சொன்னேன். "அப்ப நான் உளறலையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். போ என்று கையைக் காட்டினார். நாளைக்கும் போவேன், விரட்டினாலும் போவேன்.

இன்றைக்குப் போட்டி. ஜன்னலிலிருந்து மலை தெரிகிறது, மேலே சின்னச் சின்னதாக வண்ணச் சட்டைகள் ஏறுகின்றன. நான் மேஜையில் உட்கார்ந்து, நீ கிழித்த தாளை மறுபடி எழுதியிருக்கிறேன். சங்கத்துக்கு அனுப்ப அல்ல, உன் நோட்டு திரும்பி வந்ததும் அதில் வைத்துக்கொள்ள. எண்கள் எல்லாம் அப்படியேதான். காரணக் கட்டம் மட்டும் காலியாக இல்லை.

31-வது கி.மீ. நின்ற நேரம்: 4 நிமிடம். காரணம்: ஒருவரை விழவைத்தேன். அவர் கூப்பிட்டது கேட்டது. போகவில்லை.

படித்துப் பார். நம்பினால் கையெழுத்துப் போடு.

வாலு